குளிர்ந்த மூலை

லாய்ட் கொஸ்கிக்கு ஒரு வீட்டில் குளிர்ந்த மூலை இருந்தால் பொறுக்காது. அமெரிக்காவின் வடகோடியில் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் ஊரில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பாதி வீடுகளில் அவர் கைபட்டு ஓடியதுதான். வேலை முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு அறை அறையாக நடப்பார். அலமாரிக்குள் கையை நீட்டிப் பார்ப்பார், கட்டிலுக்கு அடியில் நீட்டிப் பார்ப்பார். எங்காவது சில்லென்று பட்டால், ஃபர்னஸ் இருக்கும் தரைக்கடி பேஸ்மென்டுக்கு மறுபடி இறங்கிவிடுவார். வீடு முழுக்க ஒரே சூடு. அதுதான் அவருக்குக் கொள்கை, மதம், எல்லாம். ஏரிக்காற்று கிளம்பினால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஊரில், இப்படி ஒரு மனுஷனை யார் குறை சொல்லப்போகிறார்கள்?

அப்பேர்ப்பட்டவர் கையில் பாம்புக் குட்டியைக் கொடுத்தது அவருடைய ஒரே மகள் டெனிஸ். மனைவி ஜாய்ஸ் இறந்துபோன பிறகு லாய்ட் தனியாகத்தான் இருந்தார். வேலையிலிருந்தும் ஓய்வு வாங்கியாகிவிட்டது. நாய் வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னாள். பனியில் யார் கூட்டிக்கொண்டு நடப்பது என்றார். பூனை என்றாள், பூனைக்குத் தலைக்கனம் என்றார். உண்மையில் அவருக்கு வேண்டியது நாயும் இல்லை பூனையும் இல்லை. யாராவது, எதுவாவது, தானாக அவரைத் தேடி வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் கால் ஒடிந்து கிடப்பவன்கூட, பரவாயில்லை, இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்பான். லாய்டும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே பென்சில் கனத்தில் ஒரு சோளப் பாம்புக் குட்டி. ஆரஞ்சு நிறம். கடிக்காது, குரைக்காது, நடக்கக் கூட்டிப்போகச் சொல்லாது என்றாள். லாய்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஃபர்னஸுக்குள் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடரை அவர்கள் தொழிலில் பைலட் என்பார்கள். குட்டி அந்த நிறத்தில்தான் இருந்தது. பைலட் என்று பெயர் வைத்துவிட்டார்.

விற்றவன் சொல்லி அனுப்பியதை டெனிஸ் ஒப்பித்தாள். தொட்டியின் ஒரு பக்கம் அடியில் சூட்டுத் தகடு ஒட்ட வேண்டும். மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. எலிக்குஞ்சு ஃப்ரீசரில் இருக்கும், வெதுவெதுப்பாக்கி வாரம் ஒன்று கொடுத்தால் போதும். லாய்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 'குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும்' என்ற இடத்தில் மட்டும் தலை ஆடாமல் நின்றது. வேண்டுமென்றே ஒரு பக்கத்தைக் குளிரவிடுவதா? இன்னொரு தகடு வாங்கக் காசு இல்லாதவன் கட்டிவிட்ட கதை என்று நினைத்துக்கொண்டார்.

முதல் சில வாரம் சொன்னபடிதான் செய்தார். செய்து என்ன பயன்? பாம்பைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. குளிர்ந்த பக்கத்தில் மரப்பட்டை வளைவு ஒன்று கிடந்தது, அதற்குள் புகுந்துகொண்டால் புகுந்ததுதான். எலிக்குஞ்சை உள்ளே வைத்துவிட்டு வந்தால் காலையில் இருக்காது. அதுதான் பாம்பு உயிரோடு இருப்பதற்கு ஒரே அத்தாட்சி. லாய்ட் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம் முழுக்க மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது பட்டையைத் தூக்கிப் பார்ப்பார். குட்டி சுருண்டு கிடக்கும், நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொள்ளும். ஒரு மரப்பட்டைக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு வருத்தமாகவே இருந்தது. ஒருநாள் விரலை உள்ளே விட்டார். பட்டைக்கு அடியில் சில்லென்று இருந்தது.

அவ்வளவுதான், மனுஷனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குட்டி குளிரில் விறைத்துக் கிடக்கிறது! நகரத் தெம்பில்லாமல் கிடப்பதை ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறார்கள், மடையர்கள். மறுநாள் காலை கடைக்குப் போய் இன்னொரு தகடு வாங்கி வந்து குளிர்ந்த பக்கத்திலும் ஒட்டினார். இரண்டையும் சூட்டை ஒரே அளவில் நிறுத்துகிற ஒரே தெர்மோஸ்டாட்டில் கோத்தார். தொட்டிக்குள் சூடு தேங்காமல் சுற்றிவர வேண்டும் என்று கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை மூடியில் பொருத்தினார். காற்றோட்டத்தை மறிக்கிறதே என்று அந்த மரப்பட்டையையும் எடுத்து வெளியே வைத்துவிட்டார். சூடான பக்கத்தில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பொந்து போதும், ஒரு ஆளுக்கு எத்தனை வீடு? தொட்டியின் நாலு மூலையிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். பாரன்ஹீட்டில் எண்பத்தெட்டு, நாலிலும் எண்பத்தெட்டு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வேலை அவரே செய்ததில்லை.

அன்றைக்கே பைலட் வெளியே வந்தது.

வந்தது மட்டுமா, கண்ணாடியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உலாவியது. நிமிர்ந்து நின்று மூக்கைக் கண்ணாடியில் வைத்துத் தேய்த்தது. லாய்ட் முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அங்கேயே நின்று நாக்கை நீட்டியது. தினமும் வந்தது. அவர் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் தாமதம், குட்டி கண்ணாடிக்கு வந்துவிடும். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் வாசல்படியைத் தாண்டாமலே எட்டிப் பார்த்துவிட்டு, உங்களை அடையாளம் தெரியுது போலிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். லாய்டுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

நல்லது வந்தால் கூட்டமாகத்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதே சமயத்தில்தான் டெனிஸும் அடிக்கடி வர ஆரம்பித்தாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப்பார்ப்பவள், கணவன் கர்ட்டோடு வந்து காபி குடித்துவிட்டுப் போகிறவள், இப்போது பல் மருத்துவமனை வேலை முடிந்ததும் நேரே இங்கேதான். தனியாகத்தான் வருவாள். லாய்ட் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சூப்பு வைப்பார். அவள் சாப்பிட்டுவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவாள். தன் பழைய அறையில் கொஞ்சம் உட்காருவாள், எழுந்து ஜன்னலுக்கு வருவாள், அம்மாவின் பீங்கான் கோழியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், வைப்பாள், பேஸ்மென்டுக்கு இறங்கி சானா என்கிற வெந்நீராவிக் குளியல் அறை வரை போய்விட்டு ஏறி வருவாள். கிளம்புகிறேன் என்று எழுந்து மறுபடி உட்காருவாள்.

வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா என்று அவர் கேட்டதற்கு, கர்ட்டின் அண்ணன் டுவேனும் அவன் மனைவி டாமியும் வந்திருக்கிறார்கள் என்றாள். முதல் கடும்பனியில் அவர்கள் வீட்டில் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துக் கூரைப் பலகை விழுந்துவிட்டதாம். இன்சூரன்ஸ்காரன் வந்து பார்த்து, பழுதெல்லாம் நீங்கும் வரை டெனிஸ் வீட்டில்தான். எப்படி இருக்கு அவங்களோட என்றார். பரவால்லப்பா என்றாள். பரவாயில்லை என்று லாய்டும் விட்டுவிட்டார். பாம்பும் வருகிறது, மகளும் வருகிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கேட்பான்?

ஒரே ஒரு குறைதான். பைலட் சாப்பிடவில்லை.

முதல் வாரம் எலிக்குஞ்சு வைத்த இடத்திலேயே கிடந்து நாறியது. போகட்டும், பசியில்லை போலிருக்கிறது என்றார். அடுத்த வாரமும் அப்படியே. குஞ்சை இன்னும் சூடாக்கிக் கொடுத்தார். இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினார். சின்னதாக வாங்கிவந்தார். கோழிச் சூப்பில் முக்கிக் கொடுத்தார். குட்டி அதைத் தாண்டி ஓடிவந்து கண்ணாடியில் மூக்கைத் தேய்த்தது. மூக்கு நுனியில் தோல் சிவந்திருந்தது. லாய்டுக்கு ஒன்றும் புரியவில்லை. நோய் வந்த மிருகம் மூலையில் சுருண்டு கிடக்கும் என்றுதான் அவருக்குத் தெரியும். இது குதியாட்டம் போடுகிறது. சந்தோஷமாக இருக்கிற ஜீவன் எதற்குச் சாப்பிடாமல் இருக்க வேண்டும்? தெர்மாமீட்டரைப் பார்த்தார். நாலு மூலையும் எண்பத்தெட்டு. ஒருவேளை போதவில்லையோ என்று தொண்ணூறாக்கினார். குட்டி இன்னும் வேகமாக உலாவியது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. விலா எலும்பு தோலுக்கு வெளியே கோடுகோடாகத் தெரிய ஆரம்பித்தபோது பயம்தான் ஜெயித்தது.

டெனிஸ் தன்னோடு வேலை பார்க்கும் பெவர்லியைக் கூட்டிவந்தாள். பெவர்லி பகலெல்லாம் ஊரார் பல்லைச் சுரண்டுகிறவள். வீட்டில் படுக்கையறை ஒன்று முழுக்கப் பாம்பு. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் மூடியில் கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். விசிறியைப் பார்த்தாள், இரண்டு தகட்டையும் பார்த்தாள். ரொம்ப வித்தியாசமா இருக்கே என்றாள். அந்த ஊரில் இது பெரிய வசவு. லாய்ட் ரோஷத்தோடு விளக்கினார். குளிர்ந்த பக்கத்தில் ஒளிந்து கிடந்த குட்டியைத் தான் மீட்டதையும், இப்போது அது தினமும் தன்னைப் பார்க்க வருவதையும் சொன்னார். பெவர்லி கேட்டுக்கொண்டே தகட்டின் வயரைப் பிடுங்கினாள்.

"உங்களப் பாக்க வரல லாய்ட். வழி தேடுது."

"என்ன வழி?"

"வெளிய போற வழி. பாம்புக்கு நம்மள மாதிரி உடம்புல சூடு ஊறாது. வேணும்னா சூட்டுக்குப் போகும், போதும்னா குளிர்ச்சிக்குப் போகும். அது போய்ப் போய் வர்றதுதான் அதோட தெர்மோஸ்டாட். நீங்க எங்க போனாலும் ஒரே சூடா வெச்சுட்டீங்க. ஒளியறதுக்கு இருந்த இடத்தையும் எடுத்துட்டீங்க. அது என்னதான் பண்ணும், சொல்லுங்க?"

லாய்ட் விடவில்லை. ஒளிந்துகொண்டே இருப்பது மட்டும் நல்லதா, முகத்தையே காட்டாமல் இருந்ததே என்றார். பெவர்லி சிரித்தாள். குட்டிப் பாம்புக்கு உலகத்தில் எல்லாமே அதைத் தின்ன வருவதுதான். உடம்பு நாலு பக்கமும் ஒட்டுகிற மாதிரி இடுக்கு கிடைத்தால்தான் அதற்கு நிம்மதி. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இடுக்காக இருக்க வேண்டும். ஒன்று வசதி, ஒன்று வசதியில்லை என்றால், வசதியானது எங்கே இருக்கிறதோ அங்கேயே கிடக்கும், குளிரில் விறைத்தாலும் சரி, வெந்து போனாலும் சரி. முதலில் அது மரப்பட்டைக்குள் கிடந்தது குளிர் பிடித்து அல்ல, பட்டை பிடித்துத்தான் என்றாள்.

"நல்லா இருக்கற குட்டிய நீங்க பாக்கவே மாட்டீங்க. பாக்க முடியலயா, சந்தோஷப்படுங்க. கண்ணாடிக்கு வந்து வந்து நின்னா, அது இருக்கற இடத்துல ஏதோ சரியில்லன்னு அர்த்தம்."

டெனிஸ் சோபாவில் உட்கார்ந்தபடி, சானாவில மட்டும் சூட்டுக்கு மேல் பலகை, சூடு தாங்கலன்னா கீழ் பலகைன்னு ரெண்டு வெச்சிருக்கீங்களேப்பா, அதுலயும் ஒண்ணைப் பிடுங்கிடுங்க என்றாள். லாய்ட் பின்லாந்து வம்சத்து ஆள், சானாவில் கைவைத்துக் கேலிசெய்தால் தாங்காது. எழுந்து விசிறியைக் கழற்ற ஆரம்பித்தார்.

அன்றே எல்லாம் மாறியது. ஒரு தகடு, ஒரே மாதிரி இரண்டு சின்னப் பொந்து, விசிறி குப்பைக்கு. பைலட் குளிர்ந்த பக்கத்துப் பொந்துக்குள் புகுந்தது, பிறகு ஆளையே காணோம். சில நாள் கழித்து லாய்ட் எலிக்குஞ்சைப் பொந்து வாசலில் வைத்தார். காலையில் இல்லை. பெவர்லி சொன்னபடி விரலை உள்ளே விடாமல், தொட்டித் தரையில் அது ஊர்ந்த தடத்தை மட்டும் பார்த்தார். தின்றுவிட்டுச் சூடான பக்கத்துக்குப் போயிருந்தது, செரிப்பதற்கு. பிறகு ஒருநாள் தடம் திரும்பி வந்திருந்தது. குட்டி பிழைத்துவிட்டது. லாய்டுக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே ஒரு காலித் தொட்டி. இதற்கா சந்தோஷப்படச் சொன்னாள் என்று இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் டெனிஸ் நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய அறைக்குப் போனாள். வந்தாள். ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சுப்பட்டுக் கண்ணாடி புகைந்தது. லாய்ட் அவளையே பார்த்தார். பிறகு சட்டென்று தொட்டியைப் பார்த்தார். சீச்சீ, பெற்ற மகளைப் பாம்போடு ஒப்பிடுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அவள் அப்பாவைப் பார்க்க வருகிறாள், இதில் என்ன குழப்பம்?

குழப்பம்தான். அவள் வருவதற்கு அவர்மேல் பிரியம் காரணம் என்றால், போன வருஷம் பிரியம் இல்லையா? அதற்கு முந்தின வருஷம், ஜாய்ஸ் போன புதிதில், வீடு விறைத்துக் கிடந்த நாளில் இல்லையா? பிரியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தாள், சிரித்தாள், வீட்டுக்குப் போனாள். இப்போது சிரிப்பு குறைந்திருக்கிறது, வருகை கூடியிருக்கிறது. கேட்டுவிடலாம். கேட்டால்? ஏதாவது சரியில்லை என்பாள். சரியில்லாததைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சரியாகிவிட்டால் அவள் வரமாட்டாள். லாய்ட் ரொம்ப நல்ல மனுஷன்தான், ஆனால் அவரும் மனுஷன். அன்றைக்குக் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. சூப்பில் இறைச்சியைக் கொஞ்சம் கூடப் போட்டார்.

மூன்றாவது நாள் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய், கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, மாட்டியதைக் கழற்றிக்கொண்டு நின்றாள். அவரால் தாங்க முடியவில்லை.

"வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"ம். நல்லாத்தான் இருக்கு."

"நிஜமா?"

"பரவால்லப்பா. சமாளிக்கிறோம்."

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். நிஜமாகவே வேண்டாமா என்றால் சிரமப்படாதீர்கள் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான் சரி, கொஞ்சமாக என்பார்கள். முதல் இரண்டு பதிலும் மரியாதைக்கு, மூன்றாவதுதான் மனசிலிருந்து வருவது. காபிக்கு அந்த முறை தெரிந்த லாய்ட், இந்தக் குளிர்காலம் முழுக்க மகளை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டிருந்தார். அந்த நினைப்பில் அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"டெனிஸ், வீட்ல என்னம்மா சரியில்ல?"

அவள் கையுறையைக் கோட்டுப் பையில் திணித்தாள். பிறகு வாசலிலேயே, பூட்ஸ் வைக்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அங்க உக்கார இடம் இல்லப்பா. ஹால்ல டாமியோட டிவி. சமையல் மேஜை பூரா டுவேனோட பனிவண்டி சாமான். குளிக்கற தொட்டில எதையோ ஊற வெச்சிருக்கான், பெட்ரோல் நாத்தம். எங்க படுக்கையறைல அவங்க பெட்டி. கதவ சாத்தினா டாமி தட்டி, கோபமான்னு கேக்கறா. கர்ட்டுக்கும் பிடிக்கல. ஆனா அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவன் சொல்ல மாட்டேங்கறான், நானும் சொல்ல மாட்டேங்கறேன். வேலை முடிஞ்சதும் மளிகைக் கடை பார்க்கிங்ல கார்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம்தான் இங்க வர்றது. இங்க வந்தாலும் உக்கார முடியலப்பா. இது என் வீடு இல்லல்ல."

லாய்ட் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சூப்பில் இறைச்சியைக் கூட்டிப் போட்டதையும், அவள் சூப்புக்காக வருகிறாள் என்று நினைத்ததையும் சொல்லவில்லை. சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு என்று அவளே சொன்னாள். மனசிலிருந்து சொன்னதா, மரியாதைக்குச் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை லாய்ட் மகள் வீட்டுக்குப் போனார். ஹாலில் டிவி வினாடி வினா ஒன்றை அலறிக்கொண்டிருந்தது. டாமி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் தப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்ட மனுஷி இல்லை, இவரைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டாள். டுவேன் சமையல் மேஜையில் கார்பரேட்டரைக் கழற்றி, திருகாணிகளைக் கேக் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தான். கர்ட் அடுப்போரம் நின்றுகொண்டே சாண்ட்விச் தின்றான், உட்கார நாற்காலி காலியில்லை. டெனிஸ் கண்ணில் படவில்லை. துணி துவைக்கிற அறையில் இருக்கிறாள் என்றான் கர்ட். துவைக்கிற இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை.

லாய்டும் நின்றுகொண்டே காபி குடித்தார். வானிலை பேசினார். ஏரி உறைந்த கதை பேசினார். பிறகு டுவேனிடம், என் வீடு சும்மாத்தான் கிடக்கு, மாடில ரெண்டு ரூம், நீங்க ரெண்டு பேரும் அங்க வந்து இருங்களேன் என்றார். கர்ட்டின் வாயில் சாண்ட்விச் நின்றது.

டுவேன், ஐயோ வேண்டாம் லாய்ட், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு என்றான்.

தொந்தரவு இல்லை, பெரிய காரேஜ், ஹீட்டர் நானே போட்டது, உன் வண்டியை அங்கேயே பிரிச்சுப் போடலாம் என்றார்.

இல்ல, இங்கயே நல்லாத்தான் இருக்கு, சமாளிச்சுக்கறோம் என்றான் டுவேன்.

இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. மரியாதை முடிந்தது. இதோடு விட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. கேட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்கிறான், நான் என்ன செய்யட்டும் என்று மகளிடம் சொல்லிவிடலாம். அவளும் சரிப்பா என்பாள். திங்கட்கிழமை சாயங்காலம் கார் வந்து நிற்கும், அவள் கோட்டைக் கழற்றுவாள், அவர் சூப்பைச் சூடாக்குவார். லாய்ட் காபிக் கோப்பையின் அடியைப் பார்த்தார். அவருடைய நாற்காலி, அவருடைய அமைதி, மகளின் அந்தச் சாயங்கால நடை எல்லாம் அவருக்கு அதில் தெரிந்தது. விட்டுவிடத்தான் ஆசையாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

"டுவேன், வந்துடுப்பா. எனக்கும் ஆள் இல்லாம ஒரு மாதிரியா இருக்கு."

டுவேன் டாமியைப் பார்த்தான். டாமி டிவியைச் சன்னமாக்கினாள். அப்படீன்னா சரி, கொஞ்ச நாளைக்கு என்றான் டுவேன்.

மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்கள். இப்போது லாய்டின் ஹாலில் வினாடி வினா. காரேஜில் இறங்க வேண்டிய சாமான் எப்படியோ சமையலறை வரை ஏறிவிட்டது. டாமி அவருக்கு டிவி பார்க்கத் தோதாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டாள். பாம்பைப் பார்க்க இரண்டு பேருக்கும் ஆசை. எங்கே, எங்கே என்று கேட்டார்கள். உள்ளே இருக்கு, விடுங்க என்றார் லாய்ட்.

திங்கட்கிழமை டெனிஸ் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. தெருவில் கார் வேகம் குறைகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் லாய்டின் காது நிமிர்ந்தது. கார்கள் அடுத்த வீட்டுக்குப் போயின. ஒளிந்திருந்தால் நல்லது, காணோம் என்றால் சந்தோஷம். சொல்லிப் பார்த்துக்கொண்டார். மனசு ஒப்புக்கொள்ளச் சண்டித்தனம் செய்தது. இத்தனை வயதில் இதைப் புரிந்துகொள்ள இவ்வளவு நேரம் பிடிக்கிறதே என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கர்ட்டும் வந்தார்கள். அவள் முகம் தெளிந்திருந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து காபி குடித்தாள். கர்ட்டின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பாதிப் பேச்சில் ஜன்னலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். டாமி இன்னொரு துண்டு கேக் வெட்டப் போனாள். டெனிஸ் எழுந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போகணும்ப்பா," என்றாள்.

இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. கிளம்பறேன் என்பாள், நேரமாச்சு என்பாள். லாய்ட் போம்மா, போ என்றார். வழக்கமாக வாசலில் அரைமணி நேரம் நின்று பேசுவார்கள். அவள் நிற்கவில்லை. கன்னத்தில் ஒரு முத்தம், படியில் இறங்கினாள், பனியில் ஓட்டமும் நடையுமாகப் போய்க் காரில் ஏறினாள். கர்ட் கையை ஆட்டினான். அவள் சீட் பெல்ட் மாட்டுகிற அவசரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் மேட்டில் ஏறித் திரும்புகிற வரை லாய்ட் பார்த்தார். திரும்பிய பிறகும் பார்த்தார். ஏரியிலிருந்து வந்த காற்று அவரைத் தாண்டி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கதவச் சாத்துங்க லாய்ட்," என்றாள் டாமி ஹாலிலிருந்து. "சூடெல்லாம் வெளிய போகுது."